அலமாரிக்குப் பின்னால்

சமையலறைத் தரையில் தண்ணீர் கோடு போட்டிருந்தது. ஒரு விரல் அகலம் இருக்கும். மேஜைக்கு அடியில் தொடங்கி, சாம்பல் நிறத் தரைக்கற்களின் மேல் நேராக ஓடி, பின்சுவரின் பெரும்பகுதியை மறைத்து நிற்கும் பெரிய அலமாரிக்குக் கீழே போய் மறைந்திருந்தது. ரோஸ்வித்தா மேல்கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அதைப் பார்த்தாள். குழாய் ஒழுகவில்லை. குளிர்சாதனப் பெட்டி எதிர்மூலையில் இருந்தது. கூரை காய்ந்து கிடந்தது. காலையில் மேஜையைத் துடைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குள் ரொட்டி வாங்கப் போயிருந்தாள். அவளைத் தவிர இந்த வீட்டில் தண்ணீர் சிந்த மார்ச் மாதத்திலிருந்து ஆள் கிடையாது.

குனிந்து விரலை வைத்தாள். நவம்பர் மாதம், அடுப்பு மூட்டாத வீடு, கல் தரை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

துணி எடுத்துத் துடைத்தாள். பிழிந்து காயப்போட்டாள். அடுப்பில் விறகு வைத்துத் தீ பிடித்ததும், பக்கத்தில் யாரோ கேட்டதற்குப் பதில் போல, "எதையாவது கொட்டியிருப்பேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். கணவர் ஏவால்ட் இறந்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. முப்பத்தெட்டு வருஷம் ஒருவரோடு பேசிய வாய், அவர் போனவுடன் மூடிக்கொண்டுவிடுமா என்ன.

ஓபர்லிண்டாக்கில் அதுதான் கடைசி வீடு. அதற்கப்புறம் தார்ச்சாலை இல்லை. வீட்டின் பின்னால் அறுவடை முடிந்த வயல், வயலின் மேட்டில் பாசி பிடித்த கற்சுவர், சுவருக்குள் ஓக் மரங்கள், மரங்களுக்கு அடியில் யூதர்களின் கல்லறைகள். ஊரில் யூதர் யாரும் இல்லாமல் போய் எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்லறைத் தோட்டத்தின் சாவி மட்டும் இந்த வீட்டு நடையில் ஆணியில் தொங்குகிறது. ஏவால்டின் தாத்தா காலத்திலிருந்தே அங்கேதான். கோடையில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து கதவைத் தட்டுவார்கள், நோட்டில் பெயர் எழுதுவார்கள், சாவி வாங்கிப் போய்விட்டு அழுத கண்ணோடு திரும்புவார்கள். குளிர்காலத்தில் யாரும் வருவதில்லை. அக்டோபர் கடைசியில் ரோஸ்வித்தா வெளிக்குழாயின் தண்ணீரை அடைத்துவிடுவாள். பனியில் குழாய் வெடிக்காமல் இருக்க.

இந்த வருஷம் மட்டும் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். ராகேல். வூர்ட்ஸ்புர்க்கிலிருந்து வருகிறவள், ஐம்பது வயதிருக்கும். மழையும் பனியும் தின்றுகொண்டிருக்கும் அந்த மணற்கற்களில் எழுத்து மிச்சமிருக்கும்போதே எல்லாவற்றையும் படமெடுத்து, படித்து, பட்டியல் போடுவது அவளுடைய வேலை. மூன்று வாரமாக வருகிறாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை அவள் மணி அடித்தபோது ரோஸ்வித்தா முட்டிபோட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதே கோடு. அதே இடம்.

"கதவைத் திறக்க இவ்வளவு நேரமா? சாவியைத் தூக்கிட்டு மகன் வீட்டுக்கு ஓடிட்டீங்களோன்னு நெனச்சேன்" என்றாள் ராகேல். ஒரு கையில் காமிரா பை, மறு கக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி. வெயிலைக் கல்லின் மேல் சாய்த்து அடிக்க அதைத்தான் வைத்திருந்தாள்.

"ஓடுறதா இருந்தா சாவியை உங்க தலையில கட்டிட்டுல்ல ஓடுவேன். இன்னிக்கு வெயிலே இல்லையே, கண்ணாடி எதுக்கு?"

"அது ஒரு நம்பிக்கைதான். சாயங்காலம் காப்பி உண்டா?"

"கேக்கும் உண்டு."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ரோஸ்வித்தா நாள் முழுவதையும் ஓட்டினாள். ஆப்பிள் சீவினாள், மாவு பிசைந்தாள், இரண்டு கோப்பைகளை எடுத்துத் துடைத்து வைத்தாள். இரண்டு கோப்பை மேஜையில் இருந்தாலே அறை கொஞ்சம் சின்னதாகிவிடுகிறது.

நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ராகேல் திரும்பி வந்தபோது வெளிக்குழாய் அடைத்திருந்ததால் ரோஸ்வித்தாவே தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். கல்லறையிலிருந்து வருகிறவர்கள் கை கழுவாமல் வீட்டுக்குள் வர மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வலக்கை, இடக்கை, மாறி மாறி மும்முறை ஊற்றிக்கொண்டு, துடைக்காமல் கையை உதறியபடி ராகேல் உள்ளே வந்து உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்தபோது பென்சில் கீழே விழுந்தது. விழுந்த பென்சில் நிற்கவில்லை. மெல்ல உருண்டு, வேகம் பிடித்து, அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

ராகேல் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தத் தரை அந்தப் பக்கமா சாயுதே, கவனிச்சிருக்கீங்களா?"

"பழைய வீடு. எல்லாம்தான் சாயுது. நான் உட்பட."

ராகேல் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு நகல் தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். கையால் வரைந்த பழைய வரைபடம். மேட்டில் கல்லறைகள், கீழே ஒரு சதுரம். "பழைய கட்டடம்தான். ஆனா வீடா இருக்கல. உங்ககிட்ட யாரும் சொல்லலையா? முன்பக்கமும் மாடியும் பின்னால கட்டினது. நாம உக்காந்திருக்கிற இந்த அறை மட்டும் நூறு வருஷத்துக்கு மேல தனியா நின்னது. செத்தவங்களைப் புதைக்கிறதுக்கு முன்னால இங்கதான் குளிப்பாட்டுவாங்க. தண்ணி வடியணும்னு தரையைச் சாய்ச்சுக் கட்டியிருக்காங்க."

ரோஸ்வித்தா கோப்பையைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

"பொம்பளைன்னா பொம்பளைங்கதான் குளிப்பாட்டுவாங்க" என்று ராகேல் தொடர்ந்தாள். அவள் கண் வரைபடத்தில் இருந்தது. "வெதுவெதுப்பான தண்ணி. தலையிலிருந்து கால் வரைக்கும், நடுவுல விடாம ஊத்தணும். வீண்பேச்சு பேசக் கூடாது. முடிஞ்சதும், பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, நாங்க ஏதாவது மரியாதைக் குறைவா நடந்திருந்தா மன்னிச்சுடுன்னு கேப்பாங்க. எங்க பெரியம்மா இதைச் செய்யப் போவாங்க. திரும்பி வந்தா ராத்திரி வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க."

"இங்க கடைசியா எப்போ..."

"அதைத்தான் தேடுறேன். மேல கடைசி வரிசை ஓரத்துல ஒரு மேடு இருக்கு. கல் கிடையாது. யூத சபையோட பதிவேட்டுல இருக்கிற கடைசிப் பேர் அதுதான். யெட்டே ஹெல்மான், அறுபத்தொரு வயசு, நாற்பத்தொண்ணு டிசம்பர்." அவள் வரைபடத்தை மடித்தாள். "பக்கத்துல ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்காங்க. 'குளிப்பாட்டவில்லை'ன்னு. அப்படி ஒரு வார்த்தையை நான் வேற எந்தப் பதிவேட்டுலயும் பார்த்ததில்ல."

போகும்போது, இனி அடுத்த வாரம்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். கார் விளக்கின் சிவப்பு மூடுபனிக்குள் கரையும் வரை ரோஸ்வித்தா வாசலில் நின்றாள். இரண்டாவது கோப்பையை உடனே கழுவவில்லை. அது மேஜையிலேயே இருந்தது.

புதன்கிழமை மகன் டோர்ஸ்டன் ஹாம்பர்க்கிலிருந்து பேசினான். செப்டம்பரில் அவன் வந்திருந்தபோது அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு மறந்துபோனாள், கருகிப்போயிற்று. அன்றிலிருந்து அவன் குரல் மாறிவிட்டது. டாக்டர் குரல்.

"எல்லாம் ஒழுங்கா இருக்காம்மா? புதுசா ஒண்ணும் இல்லையே?"

தரையில் மூன்றாவது நாளாக அந்தக் கோடு இருந்தது. ரோஸ்வித்தா அதன் மேல் கால் படாமல் தள்ளி நின்றுகொண்டு, "ஒண்ணும் இல்லப்பா" என்றாள்.

"அந்த முதியோர் இல்லத்தை ஒரு தடவை சும்மா போய்ப் பாத்துட்டு வரலாம்மா. தோட்டமெல்லாம் இருக்கு. பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கும்."

"எனக்கு ஆள் இருக்கே. ஒரு அம்மா வந்து போறாங்க. கல்லையெல்லாம் படம் எடுக்கிறவங்க."

"சரிம்மா" என்றான். கல்லறையைப் படமெடுக்கிறவளைத் துணை என்று சொல்லும் அம்மாவைப் பற்றி அவன் என்ன நினைத்தான் என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்தது. வெதுவெதுப்பான தண்ணீரைப் பற்றிச் சொன்னால், வெள்ளிக்கிழமைக்குள் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான்.

தொலைபேசியை வைத்தபோது மணி நாலு. ஜன்னலுக்கு வெளியே வயல் சாம்பலாகிக்கொண்டிருந்தது. அடுப்பில் விறகு ஒன்று பிளந்து சரிந்தது, சுவர்க்கடிகாரம் ஓடியது, எங்கோ ஊருக்குள் ஒரு டிராக்டர் உறுமி அடங்கியது. அதற்குப் பிறகு வந்த அமைதியில், அலமாரிக்குப் பின்னாலிருந்து, தட்டும் ஒலி கேட்டது.

மூன்று முறை. மெதுவாக. மர அலமாரிக்குள் அடுக்கியிருந்த தட்டுகள் ஒன்றோடொன்று உரசி நடுங்கின.

மரநாய், என்று நினைத்தாள். குளிர் வந்தால் சுவருக்குள் புகுந்துகொள்ளும். கல்யாணமாகி வந்த வருஷமே கூரையில் ஒன்று குட்டி போட்டிருந்தது. அப்படியேதான் இருக்கும் என்று அவள் மனசுக்குள் முடிவு செய்துகொண்டிருக்கும்போதே மீண்டும் கேட்டது. அதே இடைவெளி. ஒன்று. இரண்டு. மூன்று. கீறல் இல்லை, ஓட்டம் இல்லை. விரல் முட்டி மரத்தில் படும் ஒலி.

அலமாரியின் கீழ்க்கதவைத் திறந்தாள். சூப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். உள்ளே கையை நீட்டி, பின்பலகையில் உள்ளங்கையை வைத்தாள். பலகை பனிக்கட்டியாக இருந்தது. பூஞ்சை வாசனையோடு வேறொரு வாசனையும் வந்தது: நனைந்த கம்பளித் துணியின் வாசனை.

அடுத்த தட்டல் நேராக அவள் உள்ளங்கையில் விழுந்தது.

கையை இழுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் அது உறைத்தது. தட்டிய இடம் அவள் முழங்கால் உயரம்கூட இல்லை. நிற்கிற யாரும் அவ்வளவு கீழே தட்ட மாட்டார்கள்.

அன்றிரவு மாடியில் கட்டிலில் கோட்டோடு படுத்திருந்தாள். ஏவால்டின் பக்கம் காலியாக, சமதளமாக, குளிர்ந்து கிடந்தது. அவர் இருந்திருந்தால் எழுந்து போய் ஒரு திட்டு திட்டிவிட்டு வந்து குறட்டை விட்டிருப்பார். அல்லது அவருக்கும் தெரிந்திருக்குமோ? அந்த அலமாரியை நகர்த்தி வெள்ளையடிக்கலாம் என்று அவள் எத்தனை முறை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும், "அது கனம், விடு" என்பார். முப்பத்தெட்டு வருஷமாக ஒரே பதில்.

வியாழக்கிழமை காலைப் பேருந்தில் ஏறினாள். மாவட்டத் தலைநகரில், டோர்ஸ்டன் சொன்ன அதே முதியோர் இல்லத்தில், ஏவால்டின் அத்தை இருந்தாள். சென்சி. தொண்ணூற்று மூன்று வயது. அந்த வீட்டில் வளர்ந்தவர்களில் உயிரோடு இருக்கும் கடைசி ஆள்.

இல்லத்தில் மருந்து வாசனையும் வெந்த முட்டைக்கோஸ் வாசனையும் கலந்து அடித்தது. நடைபாதையில் சக்கர நாற்காலிகள் வரிசையாகச் சுவரைப் பார்த்து நின்றன. டோர்ஸ்டன் சொன்ன தோட்டம் ஜன்னல் வழியே தெரிந்தது: நாலு புதர், ஒரு பெஞ்சு. பேச்சுத்துணை என்று அவன் சொன்னவர்கள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு, ஏவால்ட் பொண்டாட்டியா? பெருத்துட்டே" என்றாள் சென்சி.

"நீங்க இளைச்சுட்டீங்க அத்தை."

"இங்க போடுற சோத்தை நாய் மோந்துட்டு மன்னிப்புக் கேட்டுட்டுப் போவும். என்ன விஷயம்? சும்மா வர்றவ இல்லையே நீ."

ரோஸ்வித்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எப்படிக் கேட்பது என்று பேருந்தில் யோசித்துவைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "சமையலறை அலமாரிக்குப் பின்னால என்ன இருக்கு அத்தை?"

சென்சியின் விரல்கள் போர்வையில் நூல் உருவிக்கொண்டிருந்தன. நின்றன.

"கதவு" என்றாள். "எங்கப்பா அதுல ஆணி அடிச்சப்போ ஆணி எடுத்துக் குடுத்தது நான்தான்."

பிறகு அவள் பேசியதெல்லாம் ஜன்னலைப் பார்த்துத்தான்.

"நாற்பத்தொண்ணு. டிசம்பர். பனி முழங்கால் வரைக்கும். அந்த இடம் எங்க கைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. எப்படி வந்ததுன்னு கேக்காதே, அப்போ எல்லாம் எப்படி வந்ததோ அப்படித்தான். உருளைக்கிழங்கு சூப் குடிச்சிட்டிருந்தோம். ஜன்னல் வழியா பாக்கிறேன், நாலு பொம்பளைங்க ஒரு பலகையைத் தூக்கிட்டு மேடேறி வர்றாங்க. வண்டி குடுக்க ஊர்ல ஒருத்தனும் இல்ல. பலகை மேல வெள்ளைத் துணி. பின்கதவுக்கு வந்து, வாசப்படியில பலகையை இறக்கி வெச்சுட்டுத் தட்டினாங்க. 'கொன்ராட், அரை மணி நேரம் போதும். கொஞ்சம் வெந்நீர். எப்பவும் செய்ற இடம்தானே'ன்னு ஒருத்தி சொன்னா. எங்கம்மாவுக்குப் பிரசவம் பாத்து என்னை வெளியே எடுத்தவ அவ."

"தாத்தா என்ன சொன்னார்?"

"அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. எங்ககிட்ட சொன்னாரு. 'சாப்பிடு'ன்னாரு. சாப்பிட்டோம். தட்டிட்டே இருந்தாங்க. சாயங்காலம் ஆயிடுச்சு. இருட்டுறதுக்குள்ள அவங்க எல்லாரும் வீட்டுக்குள்ள இருக்கணும்னு உத்தரவு, வெளியே பாத்தா பிடிச்சிட்டுப் போயிடுவாங்க. கடைசியில தட்டுறதை விட்டுட்டு, ஜன்னல் பக்கமா தள்ளி நின்னு என்ன செய்றதுன்னு பேசிக்கிட்டாங்க. நான் பாத்துட்டே இருக்கேன். நாலு பேரும் ஜன்னல்ல தெரியுறாங்க. நாலு பேரும்."

நடைபாதையில் யாரோ பாத்திர வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அப்போ மறுபடியும் கதவைத் தட்டுச்சு" என்றாள் சென்சி. "கீழ. ரொம்பக் கீழ. மேஜைக்கடியில தொங்குற என் முழங்காலுக்கு நேரா. மூணு தடவை."

ரோஸ்வித்தா நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்தாள். "தாத்தா..."

"கேட்டாரு. கரண்டி பாதியில நின்னுச்சு. என்னைப் பாத்தாரு. அப்புறம், 'சாப்பிடு'ன்னாரு."

"அந்த நாலு பேர்கிட்ட நீங்களாவது..."

"எனக்குப் பத்து வயசு." சென்சி முதல் முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, காய்ந்துபோய் இருந்தது. "தூக்கிட்டுப் போய் அப்படியே புதைச்சாங்க. குளிப்பாட்டியிருந்தா உயிர் இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். அந்தச் சூட்டுல, அந்த வெந்நீர்ல, தெரியாமப் போயிருக்காது. வசந்தம் வந்ததும் அந்த நாலு பேரையும் ரயில்ல ஏத்தினாங்க. அதுக்கப்புறம் நான் யார்கிட்ட சொல்றது? போ. பஸ் போயிடும்."

பேருந்தில் திரும்பும்போது மகனுக்குப் போன் அடித்தாள். பின்னணியில் பல குரல்கள். "மீட்டிங்ல இருக்கேன்மா. அவசரமா? ராத்திரி கூப்பிடட்டுமா?"

"அவசரம் ஒண்ணும் இல்லப்பா."

ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. அதற்கு அப்பால் மூடுபனி. கடைசி நிறுத்தத்தில் அவள் ஒருத்திதான் இறங்கினாள். ஓட்டுநர் விளக்கை அணைத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். வீட்டுக்குப் போகாமல் வேறெங்காவது போய்விடலாம் என்று தோன்றியது. யார் வீட்டுக்கு? ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தாள். நினைத்து முடிப்பதற்குள் தன் வாசலுக்கே வந்து சேர்ந்திருந்தாள்.

மணி நாலே முக்கால். சமையலறை விளக்கைப் போட்டாள். வெள்ளை வெளிச்சம் ஒரு மூலை விடாமல் அறையை நிறைத்தது. தரையில் கோடு இல்லை. காய்ந்திருந்தது. ஒரு நிமிஷம் அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது.

தட்டியது.

இந்த முறை நிற்கவில்லை. மூன்று, இடைவெளி, மூன்று, இடைவெளி. கோபமான தட்டல் இல்லை. அதுதான் தாங்கவில்லை. பக்கத்து வீட்டில் உப்புக் கேட்க வந்தவள் தட்டுவதுபோல, கதவு திறக்கும் என்ற நம்பிக்கை கொஞ்சமும் குறையாமல், எண்பது வருஷத்துக்கு மேலாகத் தட்டிக்கொண்டேயிருக்கும் ஒரு கை.

ரோஸ்வித்தா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். வாசல் வழியே ஓடிவிடலாம். டோர்ஸ்டனைக் கூப்பிடலாம். மேஜையில் உட்கார்ந்து சாப்பிடலாம். சாப்பிடலாம் என்று தோன்றிய கணத்தில் காதிலிருந்து கைகளை எடுத்தாள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

தட்டுகளை எல்லாம் இறக்கினாள். கோப்பைகளை இறக்கினாள். காலியான அலமாரிக்கும் பக்கச்சுவருக்கும் நடுவே முதுகைக் கொடுத்து, காலைச் சுவரில் ஊன்றி, தள்ளினாள். அலமாரி தரையைக் கீறிக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது. இன்னொரு சாண். பின்னால் இருந்த சுவர் தெரியும்வரை தள்ளினாள். அந்த இடத்துச் சுவர்க்காகிதம் பூப்போட்டது. அவள் பார்த்தேயிராத பூ. பிடித்து இழுத்தாள். உரிந்து வந்தது. உள்ளே மரக்கதவு. குறுக்கே மூன்று பலகைகள். ஏவால்டின் கருவிப்பெட்டியிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்து நெம்பினாள். துரு ஏறிய ஆணிகள் ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டு வெளியே வந்தன. கை கிழிந்தது. முதல் பலகை. இரண்டாவது. தட்டும் ஒலி அவள் பாதத்துக்குப் பக்கத்தில், விடாமல். மூன்றாவது பலகை விழுந்தபோது ஒலி நின்றது.

தாழ்ப்பாளைத் தூக்கினாள். இத்தனை வருஷம் வெளியிலிருந்து அதை மறைத்திருந்த கொடிகள் அறுந்து பிரிய, கதவைத் தள்ளினாள்.

மூடுபனி. வாசற்படி. அறுத்த வயல். மேட்டில் சுவரின் கருமை. யாருமில்லை.

"உள்ள வாங்க" என்றாள். குரல் சிறுபிள்ளையின் குரல்போல் ஒலித்தது. "வெந்நீர் வைக்கிறேன்."

குளிர் உள்ளே வந்தது. காற்று அடித்து வரவில்லை. நடந்து வந்தது, பாரம் சுமப்பவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக் கதவுக்குள் திரும்புவதுபோல் தயங்கித் தயங்கி. நனைந்த கம்பளி வாசனை. வெண்பனியின் வாசனை, வெளியே வெண்பனி இல்லை. மேஜை ஒருமுறை முனகியது. கனமான எதையோ அதன் மேல் வைத்தால் முனகுவதுபோல்.

அவள் திரும்பிப் பார்க்காமல் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் சிந்தி அடுப்பில் சீறியது. முழங்கையை முக்கிப் பதம் பார்த்தாள். தூக்கி வந்து மேஜையின் ஓரத்தில் வைத்தாள். சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

மேஜையைச் சுற்றி நாலு இடங்களில் மூச்சு தெரிந்தது. வெள்ளையாக, சின்னச் சின்னப் புகையாக. பக்கத்துக்கு இரண்டு. குனிந்த தலைகளின் உயரத்தில். வந்து மறைந்து, வந்து மறைந்து. அவற்றுக்குக் கீழே முகம் இல்லை. தோள் இல்லை. சுவர்க்கடிகாரம் தெரிந்தது.

பாத்திரத்தில் தண்ணீர் மட்டம் இறங்கத் தொடங்கியது. மேஜைக்கு மேலே, கையால் குவளை பிடிக்கும் உயரத்தில், எதுவுமே இல்லாத இடத்திலிருந்து தண்ணீர் விழுந்தது. விழுந்தது மேஜையில் படவில்லை. ஒரு சாண் மேலேயே எதன் மீதோ பட்டு, பிரிந்து, இரு பக்கமும் வழிந்தது. அங்கே நெற்றி இருந்தது. தண்ணீர் அதைக் காட்டியது. மூக்குத் தண்டு. கன்னத்தின் குழி. காதுக்குப் பின்னால் கூந்தல் கற்றை கற்றையாக இறங்கியது. கழுத்து. வலத்தோள். ஊற்றுவது நிற்கவில்லை. விலா ஒவ்வொன்றாக. தளர்ந்த வயிறு. முழங்கால் மேடு. பாதம். வெள்ளை விளக்கின் கீழே, கண்ணாடி போன்ற ஒரு தோலாக, வயதான ஒருத்தியின் உருவம் மேஜையில் முழுதாகக் கிடந்தது. தண்ணீர் ஓடுமட்டும் இருக்கும் உருவம். அதற்குள்ளே காற்றுதான்.

ஊற்றுவது நின்றது. ஆனால் தண்ணீர் வடியவில்லை. உருவத்தின் மேல் அப்படியே நின்றது.

நாலு மூச்சுகளும் காத்திருந்தன. எதற்கு என்று ரோஸ்வித்தாவுக்குத் தெரிந்தது. கேட்க வேண்டியவர்கள் அவர்கள் இல்லை என்பதும் தெரிந்தது.

"யெட்டே" என்றாள். "யெட்டே ஹெல்மான். எங்களை மன்னிச்சுடுங்க."

நாலு மூச்சும் ஒரே நேரத்தில் நின்றன.

மேஜையின் மேல், அந்தத் தண்ணீரின் மார்பு உயர்ந்தது.

தாழ்ந்தது.

உயர்ந்தது.

ரோஸ்வித்தாவால் கண்ணை மூட முடியவில்லை. குளிர் அவளைக் கடந்து வெளியே ஓடியது, நாலு பேர் ஓடும் வேகத்தில். கதவு அறைந்து சாத்திக்கொண்டது. அறையில் அவளும் அதுவும் மட்டும். உருவத்தின் வாய் மெல்லப் பிளந்தது. கண் இருக்க வேண்டிய இரண்டு குழிகளிலும் தண்ணீர் தேங்கித் ததும்பிக்கொண்டிருந்தது. ததும்பி, விளிம்பு உடைந்து, கன்னத்தில் வழிந்தது. குழிகள் திறந்தன. பிறகு தலை, தன்னைச் சுற்றி வழியும் நீரோடு, மேஜையின் மேல் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது.